பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் கோத்தகிரி: காரில் நான்கு பேர், இரண்டு இரவு

(காட்சி: மேட்டுப்பாளையம் பவானி ஆற்றுப் பாலம் தாண்டிய பிரிவு. காலை ஒன்பது மணி.)

வணக்கம். திரையில் தெரிகிற இந்தப் பிரிவில் இடப்பக்கம் போனால் குன்னூர், ஊட்டி. வலப்பக்கம் போனால் கோத்தகிரி. எங்களுக்கு முன்னால் போன வண்டிகள் வரிசையாக இடப்பக்கம் திரும்பின. நாங்கள் வலப்பக்கம் திரும்பினோம். செலவு பாதியானது இந்த இடத்தில்தான்.

மலைக்குப் போகும்போது பணம் பெட்ரோலில் கரைவதாக நினைக்கிறோம். என் அனுபவத்தில் அது கரைவது சுற்றுவதில். ஒரு நாள் ஊட்டி, மறுநாள் குன்னூர், நடுவில் பைக்காரா என்று ஓடினால் இடத்துக்கு இடம் பார்க்கிங், டிக்கெட், பசித்த நேரத்தில் கண்ணில் பட்ட ஓட்டல். ஒரே ஊரில் இரண்டு இரவு தங்கிப் பக்கத்தில் இருப்பதை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தோம். நான், மனைவி, ஆறாவது படிக்கும் மகள், என் அம்மா.

(காட்சி: கையால் எழுதிய கணக்குத் தாள், நெருக்கமாக.)

கணக்கைப் பார்த்துவிடுவோம். திருச்சியிலிருந்து கரூர், காங்கேயம், திருப்பூர், அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம். அங்கிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். போகவர, உள்ளூர் சுற்றல் எல்லாம் சேர்த்து 640 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். எங்கள் பழைய கார் லிட்டருக்கு 16 கொடுக்கும். 40 லிட்டர், லிட்டர் 102 ரூபாய் என்றால் 4,080. வீட்டோடு சேர்ந்த தங்குமிடம், வார நாள் விலையில் இரண்டு இரவுக்கு 4,000. சாப்பாடு 2,400. சுங்கம், பார்க்கிங் 500. வர்க்கி (ஏடு ஏடாக இருக்கும் மொறுமொறு பிஸ்கட்), தேயிலைத் தூள் 600. மொத்தம் 11,580.

சாப்பாடு எப்படி இவ்வளவு குறைந்தது? அம்மாதான் காரணம். முதல் நாள் இரண்டு வேளைக்கும் புளிசாதம், வாழை இலையில் கட்டி. பிரிக்கும்போது இலை வாடிய வாசனை வண்டி முழுக்க. தங்கிய வீட்டில் கேஸ் அடுப்பு இருந்ததால் காலையில் ரவை உப்புமா. மதியச் சாப்பாடு மட்டும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்ஸில்.

கிளம்பும் முன் இ-பாஸ், அதாவது ஆன்லைன் அனுமதிச் சீட்டு, எடுத்துவிடுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வெளியூர் வண்டிகள் இது இல்லாமல் போக முடியாது. கட்டணம் இல்லை. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பே வைத்தார்கள். சீசன் நேரத்தில் இன்னொன்று: ஏறுவதற்குக் குன்னூர் பாதை, இறங்குவதற்குக் கோத்தகிரி பாதை என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். ஆக ஏப்ரல், மே வேண்டாம். அரசுப் பேருந்தில் போனால் பாஸ் தேவையில்லை.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் வேண்டாம். சோதனைச் சாவடியில் எடுத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் நான்கு போதும்.

(காட்சி: குஞ்சப்பனை வளைவுகள், பலா மரங்கள்.)

குஞ்சப்பனைப் பக்கம் பலா மரங்கள் அதிகம். பழம் பழுக்கும் காலத்தில் யானைகள் இறங்கி வரும். செல்ஃபிக்கு நிறுத்துகிற இடம் இது அல்ல.

வளைவில் மகளுக்குக் குமட்டல் வந்தது. முன் சீட்டில் உட்காரவைத்து, கண்ணாடியை இறக்கி, தூரத்தில் இருக்கிற சாலையைப் பார்க்கச் சொன்னோம். போனைப் பிடுங்கியதுதான் உண்மையான மருந்து. வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது.

ஓட்டுகிறவருக்கு ஒரு விஷயம். மலைச் சாலையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதலில் வழி. இறங்கும்போதுதான் ஆபத்து. முதல் தடவை வந்தபோது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நினைத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினேன். பாதியில் கருகல் வாசனை. பெடல் மெத்தென்று உள்ளே போகிறது. ஓரம்கட்டி நின்றபோது பின்னால் வந்த லாரிக்காரர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, ஏறுன கியர்லயே எறங்கணும். பிரேக் சூடாயிடுச்சு, அரை மணி நேரம் ஆறட்டும்." பிரேக் அதிகம் சூடானால் பிடிப்பு போய்விடும். இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை.

(காட்சி: தேயிலைச் சரிவு, மேலே ஏறும் மூடுபனி.)

சரி, ஊருக்கு வந்துவிட்டோம். ஆறாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம், அதனால் ஊட்டியைவிடக் குளிர் குறைவு. அம்மாவின் முழங்காலுக்கு அது தோதாக இருந்தது. நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்கள் வாழும் இடம் என்பதால்தான் ஊருக்கு இந்தப் பெயர். சுற்றிலும் படுகர் இன மக்களின் ஊர்கள், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள்.

ஊட்டிக்கு முன்பே ஆங்கிலேயர் வீடு கட்டியது இங்கேதான். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்து கட்டிய வீடு கன்னேரிமுக்கில் இன்றும் இருக்கிறது, இப்போது சிறிய அருங்காட்சியகம். அதற்குப் பிறகுதான் ஊட்டியில் ஸ்டோன் ஹவுஸ் என்ற அவருடைய கல் வீடு எழுந்தது. மகளுக்குப் பழைய படங்களைவிட வாசலில் படுத்திருந்த நாய் பிடித்துப்போனது. அதற்கும் காசில்லை.

கோடநாடு காட்சிமுனை 18 கிலோமீட்டர். நேரம் இருந்தால் இதை மட்டுமாவது பாருங்கள். சாலை முழுக்கத் தேயிலைத் தோட்டம், கடைசியில் மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே மாயாறு பள்ளத்தாக்கு, ஒரு கைப்பிடி பச்சையாகத் தெங்குமரஹாடா கிராமம், தூரத்தில் பவானிசாகர் அணை நீர். நாங்கள் போனபோது வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தேநீர் குடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் காத்திருந்தோம். பனி ஒரு ஓரமாகக் கிழிந்து ஆறு தெரிந்தது, மறுபடி மூடிக்கொண்டது. காலை பத்து மணிக்கு முன் போவது நல்லது.

கேத்தரின் நீர்வீழ்ச்சியைத் தூரத்திலிருந்து பார்த்தோம், அவ்வளவுதான்.

எப்போது போகலாம்? தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா மலைத்தொடர் தடுத்துவிடுவதால், ஆகஸ்டில் ஊட்டி நனைந்துகொண்டிருக்கும்போது கோத்தகிரியில் வெயில் அடிக்கலாம். ஆனால் கிழக்குப் பார்த்த சரிவு என்பதால் அக்டோபர், நவம்பர் மழை நேரடியாக விழும். 2009 நவம்பரில் நடந்த நிலச்சரிவுகளை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த இரண்டு மாதமும் வேண்டாம். பொங்கலுக்குப் பிந்தைய வார நாட்கள்தான் என் தேர்வு.

(காட்சி: பேக்கரி, காகிதப் பையில் வர்க்கி.)

கடைசியாக வர்க்கி. 2023இல் ஊட்டி வர்க்கி என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. விறகு அடுப்பில் சுட்டதா என்று கேட்டு வாங்குங்கள். தேநீரில் நனைத்தால் ஏடு ஏடாகப் பிரியும். பக்கத்து வீட்டுக்கு என்று ஒரு கிலோ வாங்கினோம். கரூர் தாண்டும்போது பின் சீட்டில் பை திறக்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பையில் தூள்தான் இருந்தது. அம்மாவும் பேத்தியும் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள்.