உருளை போடும் முன்னே மண்ணைப் பாருங்கள்

(காட்சி: வட்டவடை. படிப்படியாக இறங்கும் தோட்டங்கள்.)

வணக்கம். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் தாண்டி வந்தால் வட்டவடை. உருளை, கேரட், கோஸ், பூண்டு எல்லாம் விளைகிற மண். தோட்டத்தில் ஒரு திட்டு மட்டும் குட்டையாக, மஞ்சளடித்து நின்றால், உரம் பத்தவில்லை என்று யூரியா வீசிவிடாதீர்கள். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்.

(காட்சி: வேர், மிக அருகில். மாதிரிப் படம்.)

கசகசாவை விடச் சின்னதாக, வெள்ளையும் மஞ்சளுமாக மணிகள் ஒட்டியிருந்தால் அது தங்க நூற்புழுவாக இருக்கலாம். நீலகிரியில் 1961-லேயே கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு மணியும் ஒரு பெண்புழு. செத்தபின் அதன் தோல் பழுப்பாக இறுகி, உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காக்கும். உருளை வேரின் கசிவு படும்வரை அவை வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கும். செடி மஞ்சளாகும்போது பார்த்தால் அந்தப் போகம் போனதுதான். நடவுக்கு முன்னே பார்த்தால் தப்பிக்கலாம்.

(காட்சி: வாளி, சல்லடை, லென்ஸ்.)

தோட்டம் முழுக்க வளைந்து வளைந்து நடந்து, இருபது இடத்திலாவது ஒரு சாண் ஆழத்துக்கு மண் எடுங்கள். தண்ணீர் தேங்கும் மூலையையும், மூட்டை இறக்கும் வாசலையும் விடாதீர்கள். கலந்து நிழலில் உலர்த்துங்கள். அப்புறம் ஒரு பிடி மண்ணைத் தண்ணீரில் கலக்கினால், காய்ந்த மணிகள் மிதந்து ஓரத்தில் ஒதுங்கும். களைவிதையும் கூட மிதக்கும். லென்ஸில் பார்த்துப் பிரிக்கணும். ஆய்வகத்தில் மணியை உடைத்து, ஒரு கிராம் மண்ணுக்கு எத்தனை முட்டை என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை கூடினால் அந்தத் துண்டில் உருளை வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே போடுகிற பூண்டு, கேரட், பீன்ஸ், கோஸ் எதிலும் இந்தப் புழு பெருகாது. தக்காளியில் பெருகும், அதைத் தவிர்க்கணும்.

(காட்சி: கண்ணாடி டம்ளர். வாடிய தண்டிலிருந்து வெள்ளை நூல் போல் இறங்கும் கசிவு.)

சரி, பாக்டீரியாவால் செடி வாடிப்போகும் இன்னொரு நோய், பாக்டீரியா வாடல்? நட்டபின் வாடினால், தண்டை வெட்டி டம்ளர் தண்ணீரில் பிடித்து வெள்ளை நூல் இறங்குகிறதா என்று பார்க்கும் இந்தச் சோதனை போதும். நடவுக்கு முன் மண்ணில் கண்டுபிடிக்க டிஎன்ஏ சோதனை போன்ற ஆய்வகச் சோதனை வேணும். இதில் ஏமாறுவது சுலபம். குளிரில் கிழங்கு நோயைக் காட்டாமலே சுமக்கும், சூடான மண்ணுக்குப் போனதும் செடி வாடிவிழும். அதனால் மண்ணோடு விதைக்கிழங்கையும் சோதிக்கக் கொடுங்கள்.

பொட்டலத்தின் மேல் தோட்டத்தின் பேர், போன போகத்தில் என்ன பயிர் என்று எழுதி கிருஷி பவனில், அதாவது உள்ளூர் வேளாண் அலுவலகத்தில் காட்டுங்கள். எந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.