வால்பாறையிலிருந்து வந்த ரோடு ரோலர்

நேயர்களுக்கு வணக்கம்.

என் அப்பா வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். 1960களின் கடைசியில் அங்கிருந்த துரை சீமைக்கே திரும்பியபோது, பங்களாவைக் காலி செய்த சாமான்களோடு ஒரு பொம்மை ரோடு ரோலரை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். சாவி கொடுத்து ஓட்டுகிற பொம்மை இல்லை. தண்ணீர் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி வைத்தால் நிஜமாகவே நீராவியில் ஓடும். நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. அப்பா அதை எங்களைத் தொடவே விட்டதில்லை. அவர் காலத்துக்குப் பிறகும் பரணிலேயே கிடந்தது. போன வருஷம் வெள்ளையடிக்க வீட்டை ஒதுக்கும்போதுதான் கீழே இறக்கினேன்.

பித்தளை பாய்லர் முழுக்கப் பச்சைக் களிம்பு. சக்கரம் சுற்றவில்லை. பக்கவாட்டில் மட்டும் ‘மாமோட்’ என்ற எழுத்து தெளிவாக இருந்தது. இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் ஜெஃப்ரி மாலின்ஸ் என்பவர் 1937இல் தொடங்கிய கம்பெனி அது. மாலின்ஸ், மாடல்ஸ் இரண்டையும் வெட்டி ஒட்டினால் மாமோட்.

முதல் நாளே ஒரு தப்பு செய்தேன். களிம்பைப் புளி போட்டுத் தேய்த்தேன், குத்துவிளக்குபோல் பளபளத்தது. அந்த உற்சாகத்தில் தின்னரைத் துணியில் நனைத்துப் பச்சை பெயின்ட்டையும் துடைத்தேன். துணியை எடுத்துப் பார்த்தால் அந்த எழுத்தும் துணியோடு வந்திருந்தது. ஐம்பது வருஷம் எலிக்கும் கரப்பானுக்கும் தப்பியதை நான் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டேன். புது ஸ்டிக்கர் வாங்கி ஒட்டலாம்தான். மனசு வரவில்லை. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டேன், பெயின்ட்டும் அடிக்கவில்லை.

அடுத்தது பாய்லர். இதில் விளையாடக்கூடாது. இந்த மாதிரி பொம்மைகளில் வரும் அழுத்தம் நம் வீட்டு பிரஷர் குக்கர் அளவுதான், சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டுக்குள். ஆனால் பழைய பற்றுவைப்பு எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் நெருப்பு வைக்கும் முன் தண்ணீர்ச் சோதனை. பாய்லருக்குள் காற்றே இல்லாமல் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் இரண்டு மடங்கு அழுத்தம் ஏற்றுவது. காற்றை ஏற்றிச் சோதித்தால், தகடு கிழியும்போது வெடிக்கும். தண்ணீர் அமுங்காது. அதனால் விரிசல் விட்டாலும் நாலு சொட்டு ஒழுகி அழுத்தம் இறங்கிவிடும், அவ்வளவுதான்.

பம்பை மாட்ட சேஃப்டி வால்வு இருக்கும் துளைதான் வழி. அதன் மரை கால் அங்குலம், அங்குலத்துக்கு 26 இழை. அதில் பொருந்துகிற மாதிரி பம்புக் குழாய் முனையில் மரை வெட்ட வேண்டும். கோவை ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் மரை வெட்டும் டை எத்தனையோ உண்டு, அந்த 26 மட்டும் இல்லை. வரவழைக்கப் பதினைந்து நாள் ஆனது. மாட்டிப் பம்பு அடித்தால், பின்பக்க மூடியின் ஓரத்தில் வியர்த்த மாதிரி ஒரு கோடு. நண்பர் அதைச் சுத்தம் செய்து மறுபடி பற்று வைத்துக் கொடுத்தார். இரண்டாவது தடவை, இருபது நிமிஷம் பிரஷர் கேஜ் முள் அசையவில்லை.

இனி எல்லாம் சுலபம் என்று நினைத்தேன். விளக்கை ஏற்றினேன், தண்ணீர் கொதித்தது, சிலிண்டர் பக்கத்தில் ‘புஸ்’ என்று ஆவி போனது. சக்கரம் அசையவே இல்லை.

இந்த வகை இன்ஜினில் சிலிண்டருக்கு ஆவியைத் திறந்து மூடத் தனியாக வால்வு கிடையாது. சிலிண்டரே தொட்டில்போல இப்படியும் அப்படியும் ஆடும். அதன் முகத்தில் ஒரு துளை. அது உரசுகிற உலோகக் கட்டையில் இரண்டு துளைகள், ஒன்று ஆவி வர, ஒன்று ஆவி வெளியேற. சிலிண்டர் ஒரு பக்கம் சாயும்போது வரும் துளையோடு சேரும், மறுபக்கம் சாயும்போது போகும் துளையோடு சேரும். இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடிப்பது ஒரு சின்ன ஸ்பிரிங். ஆவி கசிகிறதே என்று அந்த ஸ்பிரிங்கை இறுக்கினேன். கசிவு நின்றது, கூடவே சிலிண்டரின் ஆட்டமும் நின்றது. தளர்த்தினால் மறுபடி புஸ். ஒரு வாரம் இந்தக் கூத்துதான்.

கோளாறு ஸ்பிரிங்கில் இல்லை, முகத்தில். தூசி புகுந்து ஓடியதில் அதில் மெல்லிய கீறல்கள். ஒரு கண்ணாடித் துண்டை மேஜையில் வைத்து, அதன்மேல் 1000 நம்பர் உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து விரித்தேன். கண்ணாடி எதற்கு என்றால், அவ்வளவு சமமான தளம் வீட்டில் வேறெதுவும் இல்லை. முகத்தை அதன்மேல் வைத்து, ஆர்.டி.ஓ. டெஸ்டில் எட்டுப் போடுவோமே, அதேபோல எட்டுப் போட்டுத் தேய்க்க வேண்டும். அழுத்தக்கூடாது. அழுத்தினால் ஒரு ஓரம் கூடுதலாகத் தேயும். கீறல் மறைந்து முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அப்புறம் ஸ்பிரிங்கை விரலால் எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவுதான் இறுக்கினேன்.

எண்ணெயிலும் ஒரு பாடம். முதலில் ஸ்கூட்டருக்கு ஊற்றுகிற ஆயிலை விட்டேன். சூடான நீராவியில் அது மோர்போல வெளுத்து வழிந்துவிட்டது. கொழுப்புச் சேர்த்த ஸ்டீம் ஆயில் என்று தனியாக இருக்கிறது, தேன்போலக் கெட்டி. ஈரத்திலும் உலோகத்தை விட்டுப் போகாது. அது சூடானதும் ஒரு வாசம் வரும் பாருங்கள், சின்ன வயசில் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் ஊட்டி ரயில் பக்கத்தில் நின்ற ஞாபகம் வந்துவிட்டது.

தண்ணீர் விஷயத்தில் போர் தண்ணீர் ஆகவே ஆகாது, உள்ளே உப்புப் படியும். நான் மழைநீரை வடிகட்டி வைத்துக்கொள்கிறேன். விளக்குக்கு அளந்துதான் ஸ்பிரிட் ஊற்றுவேன். தண்ணீர் வற்றும் முன்னால் விளக்கு அணைந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பற்று உருகிவிடும்.

இப்போது ஒரு தடவை ஏற்றினால் எட்டு நிமிஷம் ஓடுகிறது. கொண்டுவந்து காட்டலாமா என்று இங்கே நிலையத்தில் கேட்டேன். ஸ்டூடியோவுக்குள் நெருப்பா என்று சிரித்தார்கள், நியாயம்தான். அதனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஓடவிட்டுப் பதிவு செய்து கொண்டுவந்திருக்கிறேன். முதலில் சக்கரத்தை நான் விரலால் தள்ளுவது கேட்கும், அது தானாகக் கிளம்பாது. நடுவில் ஒரு விசில் வரும். அது ரோலர் இல்லை, எங்கள் வீட்டுக் குக்கர்.

(ஒலிப்பதிவு)