எடுக்காத தொலைபேசி

நேயர்களுக்கு வணக்கம்.

பதற்றத்தால் அவதிப்பட்டு, மனநல மருத்துவரான என்னிடம் வருபவர்களில் பலர் இதய மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைகிற உணர்வு. ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை என்றதும் மனம் சோர்ந்து, "அப்படியானால் எல்லாம் என் கற்பனையா, டாக்டர்?" என்று கேட்பார்கள்.

படபடப்பு நிஜம்தான். பயம் எழுந்ததும், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் முதலில் அட்ரினலின், சற்றுப் பின்னர் கார்ட்டிசால் என்ற ஹார்மோன்களைச் சுரக்கின்றன. ஆபத்தை எதிர்க்க அல்லது தப்பி ஓட உடல் ஆயத்தமாவதை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-லேயே விளக்கினார். துரத்திய நாய் போய்விட்டால் உடல் அடங்கிவிடும். கடனும் வேலைப் பயமும் தெருமுனையோடு திரும்பிப் போவதில்லையே!

ஒருவருக்குத் தொலைபேசி மணி கேட்டாலே நெஞ்சு அடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடுக்காமல் விடுகிறார். உடனே ஒரு நிம்மதி. வம்பே அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. 'எடுக்காததால் தப்பித்தோம்' என்று மூளை குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாகிறது. "கவலைப்படாதே" என்று வீட்டார் சொல்வதில் பயனில்லை. அவருக்காக அவர்களே போனை எடுத்துப் பேசுவது, அன்புதான் என்றாலும், பயத்துக்கே தீனி.

எண்ணத்தையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கிறோம். முதலில் நண்பரின் அழைப்பு. அது பழகியபின் அறிமுகமில்லாத எண். கடைசியில், மிகவும் அஞ்சுகிறவருக்குத் தாமே அழைப்பது. ஒவ்வொரு படியிலும் படபடப்பு ஏறும், ஆனால் நினைத்த விபரீதம் நடக்காது. அதை நேரில் கண்டால்தான் மூளை நம்பும்; என் பேச்சை அது நம்புவதில்லை.

சிலருக்கு மருந்தும் தேவைப்படும். மூளையில் உள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருள் சார்ந்த மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்திலேயே 'பலனில்லை' என்று நிறுத்திவிடுபவர்கள்தான் எத்தனை பேர்! உடனே அமைதி தரும் பென்சோடையசிப்பின் மாத்திரைகளோ பழக்கமாகிவிடும். நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் அவற்றைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் கேட்போம்.

பெரும்பாலான நாட்களில் கட்டுக்கடங்காத கவலை, அதுவும் 6 மாதங்களாக என்றால், அது பொதுப் பதற்றக் கோளாறாக இருக்கலாம் என்று பார்ப்போம். தூக்கமும் வேலையும் கெடுகிறது என்றால் அதுவரை காத்திருக்க வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் இன்றே, இப்போதே, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.