ஊர் கூடித் தேர் இழுப்போம்

மேடையில் வீற்றிருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, சமூக மன்றத் தலைவர் அவர்களே, வேலை முடிந்த கையோடு நேராக இங்கே வந்திருக்கும் இந்திய நற்பணிச் செயற்குழு நண்பர்களே, எந்த விழாவென்றாலும் முன்வரிசையை நிரப்பிவிடும் தமிழாசிரியப் பெருமக்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் அன்பு வணக்கம்.

பிரெஞ்சுக்காரர்களின் விழாக்களைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல ஆசை: அணிவகுப்பு, ஆட்டம், பாட்டு. 1789 ஜூலை 14 அன்று பாரிஸ் மக்கள் பஸ்தீய் கோட்டையைப் பிடித்தார்கள். 1880-இல் ஜூலை 14 தேசிய விழா நாளானது. ராணுவ அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதே விழாவுக்குத் தீயணைப்பு நிலையங்களின் கதவைத் திறந்துவிட்டு, ஊராரை ஆட அழைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்வோமே, அதுதான்.

தேர் என்றதும் எனக்கு வீராம்பட்டினம் நினைவு வந்துவிடும். புதுச்சேரிக்குப் பக்கத்தில் மீனவர்கள் வாழும் ஊர். செங்கழுநீர் அம்மனுக்கு ஆடி மாதம் ஐந்தாம் வெள்ளி தேரோட்டம். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். ஆட்சி போயும் வழக்கம் போகவில்லை. இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். நான் போயிருந்தபோது மண்ணில் கால் வைக்க முடியாத வெயில். நீர்மோர்ப் பந்தலில் ஒதுங்கி நின்றேன். பக்கத்திலிருந்த மீனவப் பெரியவர், "சிங்கப்பூரா தம்பி? சும்மா நின்னா எப்படி, வந்து கை போடுங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டார். வடம் என் மணிக்கட்டைவிடத் தடிமன். முன்னால் ஒரு போலீஸ்காரர், பின்னால் பள்ளிக்கூடம் படிக்கும் ஒரு பெண்பிள்ளை. முதலில் தேர் அசையவே இல்லை. அப்புறம் தவில் வேகம் பிடித்தது. சக்கரம் ஒரு முழம் நகர்ந்ததுதான் தாமதம், கூட்டம் போட்ட சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அங்கே வேடிக்கை பார்ப்பவர் என்று தனியாக யாரும் இல்லை. ஊர் கூடித்தான் தேர் இழுத்தது.

சரி, நேரமாகிறது, பாட்டுக்கு வருகிறேன். பிரான்ஸில் இளைஞர்களில் இருவருக்கு ஒருவர் ஏதோ ஓர் இசைக்கருவி வாசிக்கிறார் என்று ஓர் ஆய்வு சொன்னது. அத்தனை பேரும் எங்கே வாசிப்பார்கள்? கலாசார அமைச்சர் ஜாக் லாங் 1982 ஜூன் 21 அன்று தெருவையே அவர்களுக்குத் திறந்துவிட்டார். யாரும் வாசிக்கலாம், யாரும் கேட்கலாம், கட்டணம் கிடையாது. இன்று நூறு நாடுகளுக்கு மேல் அந்த இசை விழா நடக்கிறது.

நம் அடுக்குமாடி புளோக்குகளிலும் மிருதங்கம், வயலின், உறுமி கற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிக் கலைநிகழ்ச்சி முடிந்தால் கருவி உறைக்குள் போய்விடுகிறது. ஆகஸ்ட் 9 தேசிய தினத்துக்குத் தாழ்வாரமெல்லாம் கொடி தொங்கவிடுகிறோம். ஜூன் 21 அன்று கீழ்த்தளத்தில் பாய் விரித்து இந்தப் பிள்ளைகளை வாசிக்கவிடுவோம். மலாய், சீன அண்டைவீட்டாரும் அவரவர் கருவியோடு வரட்டும்.

நகர மன்ற அனுமதிக்கு நாடாளுமன்ற உறுப்பினர் அவர்கள் கைகொடுக்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர்களே, வாசல் மேசையில் நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பிள்ளையின் பெயர், என்ன கருவி, எந்த புளோக், இந்த மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள்.