செட்ஜ்விக் அவென்யூவில் ஒரு கூடம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நகரத்துத் தெருக்களில் பிறந்த கலைகள் இளைஞர்களுக்கு என்ன வலிமையைத் தருகின்றன என்று பேச அழைத்திருக்கிறீர்கள். ஹிப் ஹாப் என்றதும் நம்மில் பலருக்கு வேகமான பாட்டும் தொளதொளத்த சட்டையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆகவே, ஹிப் ஹாப் பிறந்ததாகச் சொல்லப்படும், 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் நடந்த ஒரு விருந்திலிருந்து தொடங்குகிறேன். சிண்டி கேம்பெல் என்ற மாணவிக்குப் பள்ளி திறப்பதற்குள் புதுத் துணி வாங்கப் பணம் வேண்டியிருந்தது. தம் குடும்பம் வசித்த 1520, செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தை அவர் வாடகைக்குப் பிடித்தார். அழைப்பிதழ்களைக் கையால் எழுதினார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று நுழைவுக் கட்டணம் வைத்தார். இசைத்தட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ். ஜமைக்காவில் பிறந்து சிறுவனாக பிராங்க்ஸுக்கு வந்து சேர்ந்த அவருக்கு அப்போது வயது 18. உலகம் இன்று அவரை டிஜே கூல் ஹெர்க் என்று கொண்டாடுகிறது. அந்தப் பெருமை அவருக்கு உரியதுதான். ஆனால் இடம் பிடித்து, கணக்குப் போட்டு, ஆள் சேர்த்த தங்கையின் பெயரையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் கட்டடத்தின் பக்கத்திலேயே கிராஸ் பிராங்க்ஸ் விரைவுச்சாலை ஓடுகிறது. அதை அமைத்தபோது, ஈஸ்ட் டிரெமான்ட் பகுதியில் ஒரு மைல் நீளத்துக்காக மட்டும் சுமார் 1,500 குடும்பங்கள் வீடிழந்தன. வசதியுள்ளவர்கள் வெளியேறினார்கள். வாடகையைவிடக் காப்பீட்டுப் பணம் பெரிதென்று கண்ட கட்டட உரிமையாளர்கள் சிலர் தங்கள் கட்டடங்களுக்குத் தாங்களே தீ வைக்க ஏற்பாடு செய்தார்கள். மாநகராட்சியோ தீயணைப்பு நிலையங்களை மூடிக்கொண்டிருந்தது. தெருவுக்குத் தெரு இளைஞர் கும்பல்கள் முளைத்தன. தன் தெருவைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போவதே உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தது.

விருந்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கெட்டோ பிரதர்ஸ் என்ற இளைஞர் அமைப்பில் சமாதானப் பணியைப் பொறுப்பேற்றிருந்த பிளாக் பெஞ்சி, கும்பல்களிடையே மூண்ட சண்டையை விலக்கப் போன இடத்தில், 1971 டிசம்பர் 2 அன்று அடித்துக் கொல்லப்பட்டார். பழிக்குப் பழி என்று ஊரே எதிர்பார்த்தது. ஆனால் அவருடைய தோழர்கள் பழிவாங்க மறுத்தார்கள். மறுத்ததோடு நிற்காமல், டிசம்பர் 8 அன்று ஹோ அவென்யூவில் ஒரு சிறுவர் மன்றத்தில் பல கும்பல்களை ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்துச் சமாதானம் பேசினார்கள். அந்த உடன்பாடு எல்லாச் சண்டையையும் நிறுத்திவிடவில்லை. ஆனால் ஒரு தெருப் பிள்ளை மறு தெருவுக்கு நடந்துபோய் ஆடிவிட்டு வரக்கூடிய சூழல் மெல்ல மெல்ல உண்டானது. சிண்டியின் கூடம் நிறைந்ததற்குப் பின்னால் இந்த இளைஞர்களின் துணிவும் இருக்கிறது என்று நம்புகிறேன்.

ஹெர்க் செய்த புதுமை என்ன? ஒரு பாட்டின் நடுவே பாடகர் ஓய்ந்து, மற்ற வாத்தியங்கள் அடங்கி, தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகள் உண்டு. அதைத்தான் ‘பிரேக்’ என்கிறார்கள். ஆடுபவர்கள் அந்த நொடிகளுக்காகவே காத்திருப்பதை ஹெர்க் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை, தட்டைச் சுழற்றி ஒலிக்கவைக்கும் இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்து, ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் அதையே தொடங்கி, சில நொடித் தாளத்தைப் பல நிமிடங்களுக்கு நீட்டினார். அந்தத் தாளத்துக்கு ஆடியவர்களே பி-பாய், பி-கேர்ள் எனப்பட்டார்கள். அந்த ஆட்டமே 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் வரை சென்றது. தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் இதை இன்னும் நுட்பமாக்கினார். இசைத்தட்டின்மேல் மெழுகு வண்ணக்குச்சியால் கோடு போட்டு, எத்தனை சுற்றுப் பின்னுக்குத் திருப்பினால் பிரேக் மறுபடி தொடங்கும் என்று எண்ணி வைத்துக்கொண்டார். ஒரு தட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த தட்டைத் தாம் மட்டும் காதில் கேட்பதற்கு ஒரு விசையைத் தாமே செய்துகொண்டார். பாடமாக யாரும் அவருக்கு இதைக் கொடுக்கவில்லை. மதிப்பெண்ணும் கிடையாது. தம் தெருக்காரர்கள் ஆட வேண்டும் என்ற ஆசை ஒன்றே ஆசிரியராக இருந்தது.

‘சைஃபர்’ என்னும் வட்டத்தைப் பாருங்கள். சுற்றிலும் நண்பர்கள் நிற்க, நடுவில் ஒருவர் ஆடுவார் அல்லது பாடுவார். அவர் விலகியதும் அடுத்தவர் நுழைவார். சவால் உண்டு, கேலி உண்டு. ஆனால் அடுத்தவரின் அசைவையோ வரியையோ திருடினால் மரியாதை போய்விடும். தோற்றவர் வீட்டுக்குப் போய்ப் பயிற்சி செய்துவிட்டு மறுவாரம் வருவார். கத்தி தூக்கிய வயதில் மானப் பிரச்சினையைத் தீர்த்துக்கொள்ள இப்படியொரு வழியை அந்தப் பிள்ளைகள் தாங்களே கண்டார்கள் என்பது சாதாரணமான செய்தி அன்று.

1979க்குப் பின் இசைத்தட்டு நிறுவனங்கள் நுழைந்து, அந்தத் தாளத்தின்மேல் வரிகளைச் சொல்லிப் பாடும் ராப் பெருவணிகமாயிற்று. பெண்களை இழிவுபடுத்தும் வரிகளும் துப்பாக்கிப் பெருமையும் அதன் ஒரு பகுதியாக வளர்ந்ததை நான் மறைக்கப்போவதில்லை; அவற்றைக் கண்டித்தே ஆக வேண்டும். அவற்றை மட்டும் காட்டி இந்தக் கலை முழுவதையும் ஒதுக்குவது, கானாவைக் கேட்காமலேயே அது ரௌடிப் பாட்டு என்று சொன்னவர்கள் செய்த அதே பிழையாகும். சாவு வீட்டில் பிறந்து வடசென்னையின் துக்கத்தைப் பாடிய கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் கைகோத்ததை, 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ (சாதியற்றோர் கூட்டு) என்ற இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சியில் ஆயிரக்கணக்கானோர் நேரில் கண்டார்கள். சாதியைப் பற்றித் தணிந்த குரலில்கூடப் பேசத் தயங்கும் நகரத்தில், அந்தப் பிள்ளைகள் அதை ஒலிபெருக்கியில் பாடினார்கள். மும்பை தாராவியில் தமிழ்ப் பிள்ளைகள் தமிழும் இந்தியும் கலந்து ராப் பாடித் தங்கள் தெருவின் கதையைத் தாங்களே சொல்லிவருகிறார்கள்.

இளைஞர்களுக்கு உதவ விரும்பும் அமைப்பினர் பலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். பயிற்சி வகுப்பும் சான்றிதழும் பின்னால் வரட்டும். முதலில் ஒரு கூடத்தையும் அதன் சாவியையும் அவர்கள் கையில் கொடுங்கள். எதைப் பாட வேண்டும் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். ஆட்களை அவர்களே சேர்க்கட்டும், கட்டணத்தை அவர்களே வசூலிக்கட்டும், கணக்கையும் அவர்களே எழுதட்டும். சிண்டிக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

2007இல் அந்தச் செட்ஜ்விக் கட்டடத்தைக் குறைந்த வாடகைத் திட்டத்திலிருந்து விலக்கிக்கொள்ள உரிமையாளர்கள் முனைந்தார்கள். குடியிருந்தவர்கள் எதிர்த்துத் திரண்டபோது, ஹெர்க் அவர்களோடு வந்து நின்றார். ஹிப் ஹாப் பிறந்த வீடு இது என்பதையே குடியிருப்போர் தங்கள் வாதமாக முன்வைத்தார்கள். செய்தியாளர்களும் அரசியல்வாதிகளும் அந்த வாசலுக்கு வந்தார்கள். சில ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், நகர நிர்வாகத்தின் உதவியோடு கட்டடம் கைமாறி, எளியவர்கள் வாடகை கொடுக்கக்கூடிய வீடாகவே நிலைத்தது. பள்ளித் துணிக்காக ஒரு பெண் நடத்திய விருந்து, சுமார் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அதே கட்டடத்தின் குடும்பங்களைக் குடியிருந்த வீட்டிலேயே இருக்கவைத்தது.