போக ஏழு மணி நேரம், வர ஒன்றே முக்கால்

வணக்கம் நேயர்களே. வேலூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டிக்கெட் கடை வைத்திருக்கிறேன். விமானத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். எனக்கு அதை ஓட்டத் தெரியாது, டிக்கெட் போடத் தெரியும்.

போன மாதம் குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மகன் சிங்கப்பூரில் வேலை. டிக்கெட்டை அச்செடுத்துக் கொடுத்ததும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். போகும்போது சென்னையில் இரவு 11.30, சிங்கப்பூரில் காலை 6.20. வரும்போது அங்கே இரவு 8.00, இங்கே 9.45. "ஏன் தம்பி, போக ஏழு மணி நேரம், வர ஒன்றே முக்காலா? காத்து தள்ளிட்டு வருதா?" என்றார்.

டிக்கெட்டில் அந்தந்த ஊர்க் கடிகாரம்தான் இருக்கும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது அதைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள். இரண்டும் ஏறக்குறைய நாலேகால் மணி நேரத்துக்கு வந்து நிற்கும். தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். மேலே மணிக்கு 850 கிலோமீட்டருக்குக் குறையாமல் போகும் விமானத்துக்கு மூன்றரை மணி போதுமே என்று கேட்பீர்கள். வாசலை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரை எல்லாமே கணக்கு; ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருப்பதும் அதில் சேர்த்தி.

இன்னொன்று. சூரியனை வைத்துப் பார்த்தால் வேலூருக்கும் சிங்கப்பூருக்கும் வித்தியாசம் 100 நிமிடம்தான். தீர்க்கரேகையில் 25 பாகை, பாகைக்கு 4 நிமிடம். கடிகாரத்திலோ 150 நிமிடம்! மலேசியாவோடு சேர்ந்து 1982 தொடக்கத்தில் அவர்கள் முள்ளை அரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். அதனால் அங்கே பொழுது விடியவே ஏழு மணி ஆகிவிடும். 6.20க்கு இறங்குகிற அம்மா இருட்டில்தான் இறங்குவார்.

காற்று என்று அவர் சொன்னதும் முழுக்கத் தப்பில்லை. ஆடியில் நம் ஊரில் அம்மியைப் பறக்கவிடும் காற்று மேற்கிலிருந்து வருகிறது. அதே ஆடியில் விமானம் பறக்கும் உயரத்தில் காற்று எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து ஓடுகிறது. பி. கோட்டீஸ்வரம் என்ற நம் நாட்டு வானிலை விஞ்ஞானி 1950களிலேயே இதை விளக்கியிருக்கிறார். அந்த மாதங்களில் சென்னை திரும்பும் விமானத்துக்குக் கொஞ்சம் தள்ளுவிசை உண்டு. கொஞ்சம்தான், சில நிமிடங்கள்.

நமக்குப் பெரிய கணக்கு தரையில்தான். வேலூரிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவது அன்றைய அதிர்ஷ்டம். மூன்று மணி நேரம் முன்னால் வேறு போய் நிற்க வேண்டும். இரவு 11.30க்கு விமானம் என்றால் சாயங்காலம் நாலரைக்கே கிளம்பச் சொல்வேன்.

தேதியையும் பாருங்கள். 15ஆம் தேதி 00.20 என்று இருந்தால் 14ஆம் தேதி சாயங்காலமே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குடும்பத்துக்கு இதைச் சொல்ல மறந்தேன். மறுநாள் ராத்திரி மாலையும் பெட்டியுமாக விமான நிலைய வாசலில் நின்றார்கள். பணம் என் கையை விட்டுத்தான் போனது.

அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, டிக்கெட்டை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தார். படியிறங்கும்போது திரும்பி, "ராத்திரி சீரியல் முடிஞ்சு ஒன்பது மணிக்குத்தான் தம்பி அவனுக்கு போன் போடுவேன். அங்க பதினொன்றரையா? அதான் கொட்டாவி விட்டுட்டே பேசறான்" என்றார்.