ஒரு சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு குருதி தள்ளும்?

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு எலியைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்றதும் நிகழ்ச்சி செய்கிற தம்பி சிரித்துவிட்டார். பரவாயில்லை, நீங்களும் சிரிக்கலாம். நம் வீட்டுக் கூரையில் ஓடுகிற அதே சுண்டெலி இனந்தான், ஆய்வுகூடத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது. எல்லோரும் வெள்ளை எலியைத்தான் நினைப்பீர்கள், ஆனால் இதய ஆய்வுக்கு அதிகம் எடுப்பது ஒரு கறுப்பு வகை.

முதலில் நம்மைப் பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய ஆளின் இதயம் நிமிடத்துக்கு 70 தரம் அளவில் துடித்து, ஏறக்குறைய 5 லீற்றர் குருதியைத் தள்ளுகிறது. உடம்பில் உள்ள குருதியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், அப்படியென்றால் நிமிடத்துக்கு ஒரு சுற்று. 25 கிராம் சுண்டெலிக்கு இதயம் ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் துடிப்பு 500, 600. ஒரு துடிப்புக்கு 0.03 மில்லிலீற்றர் என்று வைத்தால் நிமிடத்துக்கு 15 மில்லிலீற்றர், உடம்பில் இருப்பதோ 2 மில்லிலீற்றருக்குக் கிட்ட. எட்டு செக்கனுக்கு ஒரு சுற்று!

சரி, இந்த மாதிரிக் கணக்கை முதலில் போட்டது யார்? வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர், 1628இல் வந்த அவருடைய புத்தகத்தில். எனக்கு மிகவும் பிடித்த கதை இது, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். அந்தக் காலத்தில் நாம் சாப்பிடுவதை ஈரல் குருதியாக்குகிறது, உடம்பு அதைச் செலவழித்து முடித்துவிடுகிறது என்றுதான் நம்பினார்கள். ஹார்வி கேட்டது ஒரே கேள்வி: எவ்வளவு? ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ் போகிறது என்றார். அதிகம் என்கிறீர்களா, அதன் கால் பங்காக வையுங்கள் என்றார். அரை மணித்தியாலத்துக்கு ஆயிரம் துடிப்பு மட்டும் வையுங்கள் என்றார் (உண்மையில் இரண்டாயிரத்துக்கு மேல் வரும்). எப்படிக் குறைத்துப் போட்டாலும், சாப்பாட்டிலிருந்து ஊறக்கூடியதைவிட அதிகமாக வருகிறது. ஆகவே அதே குருதிதான் சுற்றி வருகிறது. அவர் வைத்த எண்கள் எல்லாம் மிகக் குறைவு என்று இன்றைக்குத் தெரியும், ஆனாலும் முடிவு அசையவில்லை, ஏனென்றால் எண் எப்படி வந்தது, எந்தப் பக்கம் பிழைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன், இன்றைக்கும் சொல்லுவேன்.

இப்போது எலிக்கு எப்படி அளப்பது? உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை: வாய்க்காலின் அகலம் ஆழம் தெரிந்து, ஓர் இலையைப் போட்டு அது போகிற வேகத்தையும் பார்த்தால் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று சொல்லிவிடலாம். எக்கோ ஸ்கேன், அதாவது ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கிற முறை, செய்வதும் அதுதான். இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் விட்டத்தைப் படத்தில் அளந்து அதிலிருந்து குறுக்குப் பரப்பைக் கணக்கிட்டு, குருதியின் வேகத்தை டொப்ளர் முறையில் (ஓடுகிற குருதியில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறுவதை வைத்து) எடுத்து, பரப்பையும் வேகத்தையும் பெருக்குகிறோம். சிக்கல் என்னவென்றால் எலியின் பெருநாடி 1.3 மில்லிமீற்றர் அளவுதான். அதில் 0.1 பிசகினால் பரப்பில், அதாவது உங்கள் விடையில், ஆறில் ஒரு பங்கு பிசகிவிடும். அதனால்தான் மனிதருக்குப் பாவிக்கிறதைவிடப் பத்து மடங்கு கூடிய அதிர்வெண் உள்ள ஒலிக்கருவி வேண்டியிருக்கிறது. டொப்ளரின் கோணப் பிரச்சினையைப் படம் போட்டுத்தான் சொல்லவேண்டும், விடுவோம்.

கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எலி அந்த நேரம் எப்படி இருந்தது என்பதுதான் விடயம். கையில் பிடித்தாலே பயத்தில் துடிப்பு 600ஐத் தாண்டும். அசையாமல் கிடக்க மயக்க மருந்து கொடுத்தால், மருந்தைப் பொறுத்து துடிப்பு பாதியாகக்கூட இறங்கும். கெற்றமினும் சைலசினும் சேர்த்துக் கொடுத்தால் நன்றாகவே இறங்கும், ஐசோபுளூரேன் வாயுவை அளவாகக் கொடுத்தால் அவ்வளவு இல்லை. அப்புறம் சூடு. மயங்கிய எலி சீக்கிரம் குளிர்ந்துபோகும், குளிர்ந்தால் இதயமும் மந்தமாகும். ஆகவே கீழே சூடாக்கிய பலகை, நெஞ்சு மயிரைக் கிறீம் பூசி எடுத்த இடத்தில் தடவுகிற ஜெல்கூட இளஞ்சூடாக இருக்கவேண்டும். பச்சைத் தண்ணீர் மாதிரி ஜெல்லைக் கொட்டிவிட்டு இதயம் பலவீனம் என்று எழுதினால் யாரைக் குறை சொல்வது?

இன்னொன்று, இது நம்ம ஊர்க்காரருக்குச் சந்தோசமான செய்தி. உலகத்து ஆய்வுகூடங்களில் எலியை 22 பாகை அறையில் வைப்பது வழக்கம். நமக்கு வசதி, எலிக்குக் குளிர்! மயக்கம் கொடுக்காத எலிக்குச் சுகமான வெப்பநிலை 30 பாகை அளவு. 22இல் அது உடம்பைச் சூடாக வைத்திருக்கவே சதா பாடுபடுகிறது, இதயமும் வேகமாக ஓடுகிறது. 30க்குக் கொண்டுபோனால் துடிப்பு நிமிடத்துக்கு 100க்கு மேல் குறைந்துவிடும். மட்டக்களப்பில் கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் கரண்ட் போய் ஏசி நின்றுவிட்டது என்று வையுங்கள், நாம் வேர்த்துக் கொட்டுவோம், எலி நிம்மதியாகப் படுக்கும், முதல்நாள் எடுத்த எண்ணும் இன்றைய எண்ணும் ஒத்துவராது. அறையின் வெப்பநிலையை எழுதாமல் மூன்று தசமதானத்துக்கு விடை எழுதுகிற அறிக்கையைவிட ஹார்வியின் கால் பங்கு எனக்கு எவ்வளவோ மேல்.

தம்பி கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கை காட்டுகிறார். ஜெர்மனிய உடலியலாளர் அடோல்ப் பிக் 1870இல் சொன்ன, ஒட்சிசனை வைத்து இதயம் தள்ளும் குருதியைக் கணிக்கிற முறையையும், சாயம் கலந்து அளக்கிற முறையையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் இல்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெருநாடியைச் சுற்றிக் கருவி மாட்டினால் விடை திருத்தமாக இருக்கும், ஆனால் நெஞ்சைத் திறக்கவேண்டும், பெரும்பாலும் அந்த எலியின் கதை அதோடு சரி. ஸ்கேன் செய்தால் அதே எலியை அடுத்த வாரமும் அளக்கலாம், ஆய்வுக்கு வேண்டிய எலிகளும் குறையும். நன்றி, வணக்கம்.